ஓணானின் எட்டுக் கால்

குளக்கரை நாவல் மரத்தில் சிலம்பி என்ற சிலந்தி வலை பின்னியிருந்தது. சும்மா வலை இல்லை. எங்கே தண்ணீர் தெளிந்திருக்கிறது, எந்த மரத்தில் பழம் கனிந்திருக்கிறது என்று தானே அலைந்து பார்த்து, தினமும் காலையில் நூலாலேயே சேதி எழுதும். காட்டில் எல்லோரும் அதைச் 'சிலம்பியின் வலைத்தளம்' என்பார்கள்.

மான்களும் காட்டெருமையும் படிக்க வருவார்கள். கூடவே ஈக்களும் வரும். ஈக்களுக்கு ஏது படிப்பு? நேரே வலையில் வந்து விழும்! சிலம்பியின் சாப்பாடே அதுதான்.

திடீரென்று கூட்டம் நின்றுபோனது. ஈயும் இல்லை. பட்டினியில் சிலம்பிக்கு நூல் வருவதே கஷ்டமாகிவிட்டது. பாவம், தன் எழுத்தில்தான் ஏதோ குறை என்று நொந்துபோனது. மற்றவர்களைத் தேடித் தள்ளாடிக்கொண்டே போனது.

காட்டுப் பாதையில் ஒரே கூட்டம்! ஓணான் ஒரு தேக்கிலையைத் தொங்கவிட்டிருந்தது. அதில் சிலம்பியின் சேதி, ஓர் எழுத்துக்கூட மாறாமல்! கீழே 'எழுதியவர்: ஓணான்'.

"டேய், இது நான் எழுதினது!"

"வெளியில தொங்கவிட்டா எல்லாருக்கும் பொதுதானே அக்கா? நானும்தான் எழுதினேன்!"

காட்டெருமை இலையை உரக்கப் படித்தது. "'கிழக்குக் கரையில் தண்ணீர் தெளிவு. என் எட்டுக் காலையும் நனைத்துப் பார்த்தேன்.' ஏன் தம்பி, மிச்ச நாலு கால் எங்கே?"

ஓணான் திருதிருவென்று விழித்தது. "அது... நனைஞ்சுபோச்சு. காயப் போட்டிருக்கேன்!"

காடே சிரித்தது.

"அப்போ, அக்காகிட்ட இருந்து திருடிட்டியா?" என்று கேட்டது காட்டெருமை.

"இல்லவே இல்லை!" என்றது வாய். ஓணான் தலைதான் சும்மா இருக்காதே! ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

அப்போதுதான் ஓணான் சிலம்பியின் ஒட்டிய வயிற்றைக் கவனித்தது. அதன் முகம் வாடிவிட்டது. "நீ பட்டினி கிடப்பேன்னு தெரியாதுக்கா!"

சிலம்பிக்குக் கோபம் போய்விட்டது. "சேதி பரவினா எனக்கும் சந்தோஷம்தான்டா. எடுக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளு. என் பேரைப் போடு. மரத்து உச்சியில இருக்கியே, உனக்குத் தெரியறதை நீயே எழுதேன்!"

மறுநாள் தேக்கிலையில் புதுச் சேதி: 'மேற்கே மழை மேகம். இந்த நாலு காலால் உச்சிக் கிளையில் நின்று பார்த்தேன். தண்ணீர்ச் சேதிக்குச் சிலம்பி அக்காவின் வலைக்குப் போங்கள்!'

எல்லோரும் போனார்கள். ஈக்களும் போயின. சிலம்பி வயிறாரச் சாப்பிட்டது.

எல்லோரும் பார்க்கும்படி இருப்பதாலேயே அடுத்தவர் உழைப்பு நமக்குச் சொந்தமாகிவிடாது. கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.