மக்ரூனுக்கு ஒரு தாள்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கூடம். அங்கே ஜெசிந்தா மீன்தோலைக் காய்ச்சி ஜெலட்டின் எடுப்பார். அதைத் தட்டில் மெல்லியதாக ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி போல ஒரு தாள் வரும். மிட்டாயை அதில் சுற்றினால் தாளோடு தின்னலாம். தூக்கி எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகிவிடும். தொழில் கற்றுக்கொள்ள வருபவர்கள் அவரை டீச்சர் என்றார்கள்.

அப்படி வந்தவர்தான் ரொசாரியோ. படகுத் தச்சராக இருந்து ஓய்ந்தவர், டீச்சருக்கு அப்பா வயது. இந்த வயதில் மிட்டாய்க் கடை போடப் போகிறாராக்கும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. கூடம் பூட்டும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போக அவருக்கு மனமே வராது.

முதலில் அவர் ஊற்றிய தாள் விறைப்பாக வந்தது. மடித்தார். உடைந்தது.

"கொஞ்சம் கிளிசரின் விடுங்க அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா.

விட்டார். தாள் வளைந்து கொடுத்தது. ஆனால் கடல் காற்று பட்டதும் பிசுபிசுத்தது.

"காத்து உள்ள போகாதுன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"காத்து போகாது. ஈரம் போகும்."

"ஈரமும் போகாம செய்ய முடியாதா?"

"முடியும். ஒரு மருந்து இருக்கு. சேர்த்தா தாள் இறுகிடும், தண்ணியில கரையாது. ஆனா வாயில வைக்கக் கூடாது. மண்ணுலயும் லேசுல மக்காது."

"அதையே சேருங்க. நான் ஒண்ணும் திங்கப் போறதில்ல."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார். "அப்படி எதைச் சுத்தி வைக்கப் போறீங்க?"

ரொசாரியோ சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுட்ட ஒரே ஒரு மக்ரூன்.

"என் வீட்டுக்காரி அக்னெஸ் செஞ்சது. கிறிஸ்துமஸுக்கு. புது வருஷத்தைப் பாக்காமலே போயிட்டா. துக்கத்துக்கு வந்த பிள்ளைக டின்னுல இருந்த எல்லாத்தையும் தின்னு தீத்துட்டுது. அடியில இது ஒண்ணுதான் தப்பிச்சுது. இப்ப நமுத்துப் போக ஆரம்பிச்சிருக்கு. காலையில எந்திரிச்சதும் இதைத்தான் திறந்து பாக்கேன். வீட்டுல வேற யாரு இருக்கா?"

மருந்து இருந்த அலமாரிப் பக்கம் ஜெசிந்தா போகவில்லை. கிளிசரின் விட்ட தாளில் ஒரு துண்டு நறுக்கி மக்ரூனைச் சுற்றினார். ஓரத்தை ஈர விரலால் தடவி ஒட்டினார். ரொசாரியோவின் உள்ளங்கையில் வைத்தார்.

கைச்சூட்டில் தாள் இளகி ஒட்டத் தொடங்கியது.

"கரையுதே டீச்சர்!" என்று பதறினார் ரொசாரியோ.

"கரையும்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"திங்கிற வரைக்கும்."

"தின்னுட்டா, அவ கையால செஞ்சதுன்னு ஒண்ணுமே இருக்காதே."

ஜெசிந்தா கேட்டார்.

"யாருக்குன்னு செஞ்சாங்க?"

"எனக்குத்தான். மக்ரூன்னா எனக்கு உசுரு. கோயிலுக்குப் போயிட்டு வந்து தின்போம்னு இருந்தேன். அதுக்குள்ள அவளுக்கு நெஞ்சு வலி. பிறகு ஆசுபத்திரி. ஒண்ணுகூட வாயில வைக்கல."

"அப்போ அது இன்னும் உங்களுக்கு வந்து சேரலியே அண்ணாச்சி."