சுட்ட பலகையும் ஒற்றையடி மன்னனும்

மலைகள் எல்லாம் இப்போது இருப்பதைவிட ஒரு முழம் உயரமாக இருந்த காலம். நம்பாதவர்கள் போய் அளந்து பாருங்கள், நான் கதையைத் தொடங்குகிறேன்.

அந்தக் காலத்தில் அல்லிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட மன்னனுக்கு ஒற்றையடி மன்னன் என்று பெயர். எவ்வளவு நீளமான ஆணியானாலும் ஒரே அடியில் இறக்கிவிடுவான். அதில் அவனுக்குப் பெருமையோ பெருமை. ஊரில் புதிதாக எது செய்தாலும் முதல் ஆணியை மன்னன்தான் அடிக்க வேண்டும் என்பது வழக்கம்.

அந்த நாட்டின் உயிர் ஒரு பெரிய ஏரி. ஏரியின் உயிர் அதன் மதகு. மதகின் உயிர் ஒரு பலகை. இரண்டு கல்தூண்களில் வெட்டிய காடி என்னும் நீள்பள்ளத்துக்குள் அந்தப் பலகை ஏறும், இறங்கும். ஏறினால் தண்ணீர் போகும், இறங்கினால் நிற்கும்.

வம்பு என்னவென்றால், மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பும். இறுக்கமாகச் செய்தால் பலகை காடிக்குள் சிக்கிக்கொண்டது. தளர்வாகச் செய்தால் ஒழுகி, கோடைக்கு முன்பே ஏரி காலியானது. எண்ணெய் பூசிப் பார்த்தார்கள், அதுவும் ஒரு மழைக்குத்தான் தாங்கியது.

போன மழையில் பலகை சிக்கிக்கொண்டது. எருது பூட்டி இழுத்தும் அசையவில்லை. நிரம்பிய ஏரி கரையை உடைத்துக்கொண்டு போய்க் கீழக்குடியைத் துடைத்துவிட்டது. வீடு இழந்தவர்கள் ஓலைக்குடிசைகளில் ஒண்டிக்கொண்டார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் நடக்கும் கரைவேலைக்குப் பறை அறைந்ததும், மற்ற ஊர்க்காரர்களைப் போலவே அவர்களையும் மண் சுமக்க விரட்டினார்கள். சுமையோடு விழுந்தவர்களைக் கரைக்காவலன் சோம்பேறிகள் என்றான்.

மதகுப் பலகை செய்கிறவன் பூதன் என்னும் தச்சன். நல்ல வேலைக்காரன், கை பலமானவன், கோபமும் பலமானதுதான். இந்த மழைக்கும் பலகை சிக்கினால் கீழக்குடியோடு போகாது, நாடே போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். சோறு இறங்கவில்லை.

அப்போது கீழக்குடிக் குயத்தி சாத்தி ஒரு கட்டையோடு வந்தாள். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய தேக்கு, கருப்பட்டி நிறத்தில் இருந்தது.

"அண்ணே, இது என் சூளைக்கு அடியில மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்தது. சூடு பட்டிருக்கு, எரியல. வெள்ளத்துல சேத்துத் தொட்டிக்குள்ள போயி, மழை முச்சூடும் அங்கதான் கிடந்தது. ஒரு நூல் அளவுகூட உப்பல, பாருங்க."

பூதன் கட்டையைத் தட்டினான். பானையைத் தட்டினது போலக் கணீர் என்றது. தட்டியவன் முகத்தில் பல நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

இருவரும் மூன்று பலகைகளை மணலில் புதைத்து, வெள்ளத்துக்குத் தப்பி நின்ற சூளையைக் காற்றுப் புகாமல் சேறு பூசி அடைத்து, பக்குவமாகச் சுட்டு எடுத்தார்கள். மூன்றும் கருப்பட்டி நிறம். நாட்டில் அதற்குமேல் அத்தனை நல்ல தேக்கு இல்லை. மேகம் வேறு மேற்கே கூடிக்கொண்டிருந்தது.

முதல் பலகையை எடுத்தான் பூதன். எப்போதும்போல இழைப்புளியை அழுத்தித் தள்ளினான். ஓரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வந்தது.

இரண்டாம் பலகையை எடுத்தான். கோபத்தில் இன்னும் வலுவாக உளியை அடித்தான். மூலையே தெறித்து விழுந்தது.

மூன்றாம் பலகையை எடுத்தான். உளியை ஓங்கினான். "மரம் செத்துப்போச்சு" என்று கத்தினான்.

சாத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பச்சை மண்ணைக் குத்திப் பிசையுற மாதிரி சுட்ட பானையை நான் பிசைஞ்சா என்ன ஆகும்? மரம் சாகலண்ணே, மாறியிருக்கு. நீங்கதான் மாறல."

பூதனுக்குச் சுருக்கென்றது. உளியைக் கீழே வைத்தான். அன்று முழுவதும் அவன் மரத்தைத் தொடவில்லை, சாணைக்கல்லில் உளியையே தீட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் ஓரம் பெயராமல் இருக்க ஒரு தாங்கு கட்டையை அதோடு ஒட்டி வைத்து, மெல்ல மெல்லச் சீவினான். என்ன ஆச்சரியம், பழைய பலத்தில் பாதிகூட வேண்டியிருக்கவில்லை. தூள் மாவாகப் பறந்து தும்மல் போட வைத்ததே தவிர, பலகை கண்ணாடிபோல வந்தது. அத்தனை வழவழப்பை அவன் கை அதுவரை கண்டதில்லை.

பலகையைத் தூக்குவதற்கு இரும்பு வளையம் ஒன்றை ஆணியடித்துப் பொருத்த வேண்டும். முதல் ஆணி மன்னனுடையது. ஊரே கரையில் கூடியது. மண்கூடையோடு கீழக்குடிக்காரர்களும் ஒதுங்கி நின்றார்கள். மன்னன் சுத்தியலை ஓங்கினான். முதல் தூறல் விழுந்தது.

பூதன் பலகைக்குக் குறுக்கே போய் நின்றான்.

"மகராசா, இந்த மரத்துக்கு உங்க அடி தாங்காது."

"என் கைக்கே அளவு சொல்ல வந்துட்டியா?" என்றான் மன்னன். கரைக்காவலன் பூதனை இழுக்கப் பாய்ந்தான்.

பூதன் அசரவில்லை. மூலை உடைந்த இரண்டாம் பலகையைக் கொண்டுவந்து மன்னன் காலடியில் வைத்தான். "இதுல அடிச்சுப் பாருங்க. அப்புறம் என்னை என்ன செஞ்சாலும் சரி."

மன்னன் ஒரே அடி அடித்தான். ஆணி இறங்கியது. பலகை நுனி முதல் அடி வரை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

மன்னன் பிளந்த பலகையைப் பார்த்தான். பிறகு முழுப் பலகையைப் பார்த்தான். பிறகு மேகத்தைப் பார்த்தான். அவன் கர்வம் பிடித்தவன்தான், முட்டாள் அல்ல.

"எப்படி அடிக்கணும், சொல்லு."

பூதன் முதலில் ஆணிக்குத் துளை போட்டுக் கொடுத்தான். ஒற்றையடி மன்னன் குனிந்து, மெல்ல ஒரு தட்டு, மெல்ல ஒரு தட்டு, மெல்ல ஒரு தட்டு என்று மூன்று தட்டில் ஆணியை இறக்கினான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மன்னனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்போடு நிமிர்ந்தபோதுதான் கூடை சுமந்து நின்ற கீழக்குடிக்காரர்கள் அவன் கண்ணில் பட்டார்கள். எலும்பும் தோலுமாக நின்றார்கள். அவன் சிரிப்பு நின்றது. கரைக்காவலனைக் கூப்பிட்டான்.

"இவங்க தலையில இருக்கிற கூடையை இறக்கு. வீடு கட்டி முடிக்கிறவரைக்கும் இவங்களுக்குக் கரைவேலை கிடையாது. இவங்க பங்கை அரண்மனை ஆளுங்க சுமக்கட்டும்."

அந்த ஆண்டு மழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியபோது மதகுப் பலகையைத் தூக்க எருதுகளைக் கொண்டு வந்தார்கள். அவை தேவைப்படவில்லை. சாத்தி வளையத்தில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்தாள், பலகை சத்தமில்லாமல் ஏறியது. கீழக்குடிக்கு ஓடிய தண்ணீர் வாய்க்கால் வழியாகத்தான் ஓடியது.

கேட்டவர்களே, இதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள்: தீயைத் தாண்டி வந்தது மரமானாலும் மனிதரானாலும், தொடுகிற கை தன்னை மாற்றிக்கொண்டுதான் தொட வேண்டும்.