சத்தம் போடாத செல்கள்

சேவியர் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர். தலை நரைத்த பிறகு நரம்பு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார். அவருடைய குரு டாக்டர் நிலோஃபர் அவரைவிட இளையவர். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் பூரணிமேல்தான்.

பூரணிக்கு அவருடைய மகள் வயது. அவள் வளர்த்தது நரம்புச் செல்களை. சேவியருக்குக் கிடைத்தவை, அவற்றுக்கு ஒத்தாசையாக இருக்கும் துணைச் செல்கள். அவை வாழ்ந்த ஊட்டத் திரவத்தை வடிகட்டி, ஒரு பாட்டிலில் ஊற்றி அவளிடம் கொடுப்பார். அதைத்தான் அவள் தன் செல்கள் வளரும் தட்டில் விடுவாள். அந்தக் கூடத்தில் அதுதான் வழக்கம்.

அவளுடைய தட்டில் நுண்கம்பியை வைத்தால், ஸ்பீக்கரில் படபடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். நரம்புச் செல்கள் பேசுகின்றன என்று, பார்க்க வருகிறவர்கள் கைதட்டுவார்கள். சேவியரின் தட்டில் அதே கம்பியை வைத்தால் ஒன்றும் கேட்காது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவருக்கு வயிறு எரிந்தது. படித்த வயிறு என்றால் எரியாதா என்ன?

ஒருநாள் நிலோஃபரிடம் கேட்டே விட்டார்.

“என் செல்லுக்கு மட்டும் எதுக்கு மேடம் இந்த எடுபிடி வேலை? அது பேசி ஒருநாளாவது நான் கேட்க வேண்டாமா?”

“காது கொடுத்தா கேட்கும் சார்” என்றார் நிலோஃபர்.

கிண்டல் செய்கிறார் என்று சேவியர் முடிவு கட்டிவிட்டார்.

பூரணியின் உதவித்தொகையை நீட்டிக்கலாமா என்று பார்க்க ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. அதுவரை புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது. தன் செல்கள் வாழ்ந்த திரவத்தையெல்லாம் சிங்க்கில் கொட்டினார். எந்தச் செல்லும் தொடாத புதுத் திரவத்தை அந்தப் பாட்டிலில் நிரப்பினார். பழையது மங்கலான ஆரஞ்சு நிறம், புதியது பளிச்சென்ற சிவப்பு. பார்த்தால் தெரிந்துவிடும். பூரணி பார்க்கவில்லை. சார் கொடுத்த பாட்டில் ஆயிற்றே!

“தாங்க்ஸ் சார்” என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே வேலைதான். ஸ்பீக்கரில் பொரிச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. அவள் கையுறையை மாற்றினாள், தட்டை மாற்றினாள், சோற்றை மறந்தாள். சேவியருக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது.

குழு வந்தது. பூரணி கம்பியை வைத்தாள். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“தப்பு என் கையிலதான் இருக்கும் சார்” என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

“பார்க்கலாம்மா” என்று எழுந்து போய்விட்டார்கள். அவள் முகம் கழுவ ஓடினாள்.

நிலோஃபர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சேவியரைப் பார்த்தார்.

“ஏன் சார்?”

சேவியர் பூசி மெழுகப் பார்த்தார். “பாவம் மேடம் அந்தப் பொண்ணு. அவ செல்லும் கடைசியில என்னோடது மாதிரியே ஆகிப்போச்சு.”

“எப்படி?”

“ஊமையா.”

நிலோஃபர் பாட்டிலை அவர் கையில் வைத்தார்.

“இத்தனை நாளா அந்த ஸ்பீக்கர்ல பேசினது யாருன்னு நினைச்சீங்க?”

சேவியர் பாட்டிலைப் பார்த்தபடி நின்றார். ஈர முகத்தோடு பூரணி திரும்பி வந்தாள்.

“சார், தட்டுல கொஞ்சம் செல் இன்னும் உயிரோட இருக்கு. செத்தது இனி முளைக்காது, இருக்கிறதையாவது காப்பாத்திடலாம். உங்க செல் இருந்த தண்ணி கொஞ்சம், ஒரு மூடி அளவுக்காவது இருக்கா சார்?”

சேவியர் சிங்க்கைத் திரும்பிப் பார்த்தார்.