மூங்கில் பிடிக்கும் இடம்

கடல் சூழ்ந்த பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றில், ஒரு மூங்கில் காட்டின் ஓரமாகத் திக்லிங் பறவைகள் வாழ்ந்து வந்தன. திக்லிங், நம்மூர்க் கானாங்கோழிக்கு ஒன்றுவிட்ட உறவு. நீண்ட கால், குட்டை வால், எப்போதும் யாரோ துரத்துவது போன்ற நடை.

துரத்தத்தான் செய்தார்கள். காட்டை ஒட்டி நெல்வயல் இருந்தது. கதிரைக் கொத்த வரும் பறவைகளுக்காக உழவர்கள் மூங்கில் பொறி வைப்பார்கள். கால் பட்டால் போதும், இரண்டு கம்புகளும் ‘டக்’கென்று சேர்ந்துகொள்ளும். தப்பிய பறவைகள் கூட்டுக்குத் திரும்பும். தப்பாதவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

பேசாமல், ஆடின.

அறுவடை முடிந்ததும் திக்லிங் கூட்டத்தார் இரண்டு இளமூங்கில்களைத் தரையில் அருகருகே கிடத்துவார்கள். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் உட்கார்ந்து தட்டுவார்கள். தரையில் இரண்டு தட்டு. பிறகு கம்போடு கம்பு சேர்த்து ஒரு தட்டு. தட், தட், டக். நடுவே ஒரு பறவை புகுந்து, கம்புகள் சேருமுன் காலைத் தூக்கித் தூக்கித் தப்ப வேண்டும். அதுதான் ஆட்டம்.

யார் வேண்டுமானாலும் ஆடலாம். மூங்கில் பிடிப்பவர் மட்டும் பொறியில் தன் உறவைப் பறிகொடுத்தவராக இருக்க வேண்டும். வழக்கம் அப்படி.

ஆட்டத்துக்குத் தலைவி தலிசாய். எதிலும் முந்த வேண்டும் அவளுக்கு. ஆடுகிறவள் அவளுடைய தங்கை முத்யா. முத்யாவின் கால்கள் தரையில் படுகின்றனவா இல்லையா என்று பார்ப்பவர்கள் பந்தயம் கட்டுவார்கள்.

ஒருநாள் மலைக்காட்டிலிருந்து இருவாட்சி பறந்து வந்தது. காட்டுக்கு அதுதான் நாட்டாமை. தன் பெரிய அலகைக் கிளையில் தேய்த்துவிட்டு அறிவித்தது:

“மேலே மலைச் சதுப்பில் இருந்த வாத்துகள் வேறு தீவுக்குப் போய்விட்டன. இடம் காலி. வருகிற பௌர்ணமியன்று காலை எல்லோரும் கூடுங்கள். அவரவர் வித்தையைக் காட்டுங்கள். எந்தக் கூட்டம் என் மனத்தை நிறைக்கிறதோ, அதற்கே சதுப்பு.”

தலிசாய் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். மலைச் சதுப்பில் நத்தை உண்டு, புழு உண்டு. வயல் இல்லை. வயல் இல்லாத இடத்தில் பொறி ஏது?

அன்றே ஒத்திகை தொடங்கியது. மூங்கிலின் ஒரு முனையில் தாகோய் உட்கார்ந்தான். போன அறுவடையில் மனைவியைப் பறிகொடுத்தவன். மறுமுனையில், எத்தனையோ குஞ்சுகளைத் தொலைத்த ஒரு கிழட்டுப் பெட்டை. இருவரும் குனிந்த தலை நிமிராமல் தட்டினார்கள். தட், தட்... ஒரு மூச்சு விட்டு... டக்.

“கொஞ்சம் வேகமாய்த் தட்டேன், தாகோய்!” என்றாள் தலிசாய். “இழவு வீடு மாதிரி இருக்கிறது.”

“இழவு வீடுதானே, தலிசாய்” என்றான் அவன்.

மேலே மூங்கில் கொத்தில் யாரோ சிரித்தார்கள். குரங்கு! ஒரு கையால் தொங்கியபடி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அழுமூஞ்சிகளிடம் போய்த் தாளம் கேட்கிறாயே, தலிசாயம்மா! இருவாட்சி கொட்டாவி விடப்போகிறது. அந்தக் கம்பை என்னிடம் கொடுத்துப் பார்.”

இறங்கி வந்து தன் தம்பியை மறுமுனையில் உட்கார வைத்துக்கொண்டு தட்டியது. அப்பப்பா! மழை தகரத்தில் விழுவது போல ஒரு தாளம். முத்யா துள்ளினாள், சுழன்றாள். சுற்றி நின்ற பறவைகளுக்குக்கூட வால் ஆடிற்று.

“இனி நீதான் மூங்கில் பிடிக்கிறாய்” என்றாள் தலிசாய்.

தாகோய் எழுந்து வந்தான்.

“அவன் வீட்டில் யாரும் பொறியில் போகவில்லை.”

“நம் வீட்டிலும் இனிப் போகக்கூடாது என்றுதானே இந்தப் பாடு? சதுப்பு கிடைத்தால் ஒரு குஞ்சுகூடப் பொறியில் சாகாது. உனக்கு வழக்கம் பெரிதா, குஞ்சுகள் பெரிதா?”

தாகோய் திரும்பி நடந்தான். போகும்போது ஒன்று மட்டும் சொன்னான்: “தட்டும்போது அவன் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்.”

‘பொறாமை’ என்று தலிசாய் நினைத்துக்கொண்டாள்.

மாலையில் முத்யா அவளருகே வந்து ஒண்டிக்கொண்டாள். “அக்கா, தாகோய் தட்டினால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவேன். இந்தக் குரங்கு தட்டினால் கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.”

“அப்படியானால் கண்ணைத் திறந்துகொண்டு ஆடு. இதற்கெல்லாமா பயப்படுவார்கள்? ஒரே ஒரு காலைப்பொழுதுதான். அப்புறம் ஆயுசுக்கும் நிம்மதி.”

“சரி அக்கா” என்றாள் முத்யா. அக்கா சொல்லி அவள் மறுத்ததே இல்லை.

பௌர்ணமியன்று காலை மலையடிவாரம் நிரம்பி வழிந்தது. காட்டுப்பன்றிகள் உறுமிக்கொண்டே ஓடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கிளிகள் இருவாட்சியின் புகழையே பாடி அதைத் தூங்க வைத்தன. பிறகு திக்லிங்குகளின் முறை வந்தது. தலிசாய் போய் இருவாட்சியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தட், தட், டக். தட், தட், டக்.

இருவாட்சி கண்ணைத் திறந்தது. பன்றிகள் உறுமலை நிறுத்தின. கம்புகளுக்கு நடுவே முத்யா காற்றில் பட்ட பஞ்சாக ஆடினாள்.

“ஆகா!” என்றது கூட்டம்.

அந்த ‘ஆகா’ குரங்கின் காதில் விழுந்தது. இதுவரை அதற்கு யாரும் ‘ஆகா’ சொன்னதில்லை, கல்லெறிந்துதான் பழக்கம். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தது. வேகத்தைக் கூட்டியது. கூட்டம் இன்னும் பெரிதாகக் கூவியது. இன்னும் கூட்டியது.

தலிசாய் அதைப் பார்த்தாள். குரங்கின் கைகள் மூங்கிலில் இருந்தன. கண்கள் மூங்கிலில் இல்லை. முத்யாவின் கால்களில் இல்லை. அவை கூட்டத்தின்மேல் மேய்ந்துகொண்டிருந்தன.

தாகோய் சொன்னது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

‘நிறுத்து’ என்று கத்த அவள் அலகைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து இருவாட்சி முன்னால் சாய்ந்து, “அடடா, அடடா!” என்று தன்னை மறந்து சொன்னது.

தலிசாய் அலகை மூடிக்கொண்டாள். ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்று நினைத்தாள்.

கம்புகளுக்கு நடுவிலிருந்து முத்யா ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

தட், தட்.

டக்.

முத்யா விழுந்தாள். இரண்டு கால்களும் கம்புகளுக்கு இடையில் இருந்தன.

காடே அதிர்ந்தது. “பொறியில் விழுவது போலவே விழுந்தாளே! என்ன நடிப்பு! என்ன நடிப்பு!” என்று பன்றிகள் தரையை உதைத்தன. குரங்கு எழுந்து நின்று நான்கு பக்கமும் கும்பிட்டது.

இருவாட்சி தொண்டையைச் செருமியது. “இனி வேறு யாரும் ஆட வேண்டாம். சதுப்பு திக்லிங்குகளுக்கே!”

தலிசாய் அதைக் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தாகோய் அங்கே வந்து, குரங்கு போட்டுவிட்டுப் போன மூங்கிலை அலகால் நெம்பி விலக்கிக்கொண்டிருந்தான்.

“நான் தப்பாக ஆடிவிட்டேனா, அக்கா?” என்று கேட்டாள் முத்யா.

“இல்லையம்மா” என்றாள் தலிசாய். “நீ சரியாகத்தான் ஆடினாய்.”

கால் ஒடிந்த திக்லிங் நிற்க முடியாது, ஓட முடியாது. தலிசாய் நத்தையும் புழுவும் கொண்டுவந்து ஊட்டினாள். முத்யா அக்காவுக்காகக் கொஞ்சம் தின்றாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். கூட்டம் மலைச் சதுப்புக்குக் குடிபோன நாளில் அவள் உயிரோடு இல்லை. மலையேறத் தெம்பில்லாமல் அந்தக் கிழட்டுப் பெட்டையும் கீழேயே தங்கிவிட்டது.

சதுப்பு நல்ல இடந்தான். தலிசாய் நினைத்த மாதிரியே அங்கே பொறி இல்லை. குஞ்சுகள் பயமில்லாமல் சேற்றில் திரிந்தன.

கீழே வயல்களில் அறுவடை முடிந்து வைக்கோல் புகை மேலே வந்தபோது, குஞ்சுகள் இரண்டு இளமூங்கில்களை இழுத்து வந்தன. ஒரு முனையில் தாகோய் உட்கார்ந்தான். மறுமுனை காலியாக இருந்தது.

“இங்கேதான் யாரும் பொறியில் சாகவில்லையே? அப்புறம் யார் மூங்கில் பிடிப்பது?” என்று ஒரு குஞ்சு கேட்டது.

பெரியவர்கள் சேற்றைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள்.

தலிசாய் எழுந்து நடந்து வந்தாள். காலியாக இருந்த முனையில் உட்கார்ந்தாள். கேள்வி கேட்ட அந்தக் குஞ்சே நடுவில் குதித்து நின்றது.

“மெல்ல” என்றான் தாகோய்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. தன் முன்னால் இருந்த அந்தச் சின்னக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட், தட்... ஒரு மூச்சு விட்டு... டக்.

நீதி: துக்கத்தில் பிறந்த ஆட்டத்தை, அந்தத் துக்கம் அறியாதவர் கையில் கொடுக்காதே.