மல்கியாவின் வழக்கு

கல்தச்சன் மல்கியா காலையிலேயே மலையடிவாரத்துக்கு வந்து, எப்சிபாளின் முன்னால் தன் வலது கையை நீட்டினான்.

கட்டைவிரல் இருந்த இடத்தில் துணி சுற்றியிருந்தது. ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"கர்த்தருக்குக் கீழ்ப்படிந்தேன். அவர் கொடுத்த கூலி இது" என்றான்.

எப்சிபாள் ஒரு தீர்க்கதரிசி. அவனைவிட ஆறேழு வயது இளையவள். ராஜாவுக்குப் பயந்து ஊர் அவளை ஒதுக்கி வைத்திருந்தது. மல்கியா மட்டும் ஓய்வுநாள்தோறும் வந்து, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவான்.

அரண்மனை முற்றத்தில் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குச் சிலை வைக்க ராஜா ஆசைப்பட்டான். மல்கியாவைக் கூப்பிட்டு அனுப்பினான். கர்த்தர் விலக்கியதைச் செதுக்க மாட்டேன் என்று மல்கியா சொன்னான். அப்படியானால் இனி எதையுமே செதுக்காதே என்று விரலை வெட்டினார்கள்.

அவனிடம் தொழில் கற்ற சோபாப் அந்தச் சிலையைச் செய்து கொடுத்தான். சோபாபுக்கு இப்போது திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மல்கியாவின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதையெல்லாம் சொன்னான். விரலைக் கல்லின் மேல் வைத்தபோது வானத்தைப் பார்த்தானாம். அங்கே ஒரு மேகம்கூட அசையவில்லையாம்.

"அவர் வார்த்தையில் நில் என்று நீங்கள்தானே அம்மா சொன்னீர்கள்? நின்றேன். அவர் எங்கே நின்றார்?"

எப்சிபாள் பழைய துணியை அவிழ்த்தாள். காயத்தில் எண்ணெய் விட்டாள். புதுத் துணி கட்டினாள்.

பிறகு சொன்னாள்: "இதை ஏன் என்னிடம் கேட்கிறாய்?"

"வேறு யாரிடம் கேட்பது?"

அவள் மலையுச்சியைக் காட்டினாள்.

மல்கியா நகரவில்லை. இந்தக் கோபத்தோடு அவர் முன்னால் போவது பாவம் என்றான். மனசு அடங்கட்டும், அப்புறம் ஜெபம் பண்ணுகிறேன் என்றான்.

"விரலைக் கொடுத்தாய். கோபத்தை மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறாய்?"

அவன் ஏறினான்.

உச்சியில் நின்று கத்த ஆரம்பித்தான். தன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கேட்டான். பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டான். நீர் செவிடரா என்று கேட்டான். சரிவில் மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பயந்துபோய் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு இறங்கி வந்தான். தொண்டை கட்டியிருந்தது.

"பதில் வந்ததா?"

"இல்லை." காலடியில் கிடந்த கல்லை எட்டி உதைத்தான்.

அப்போது கோவேறு கழுதையில் ஒரு அரண்மனை அதிகாரி வந்து இறங்கினான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

மல்கியா தன் தேவனைத் திட்டுவது சாலை வரைக்கும் கேட்டது என்றான். ராஜாவுக்கு ரொம்பச் சந்தோஷம் என்றான். இனி உளி பிடிக்க வேண்டாம். சிற்பிகளுக்கு மேற்பார்வையாளனாக இருந்தால் போதும். வீடு உண்டு. மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வருவார்கள். வந்து பாகாலை ஒரு தடவை குனிந்து வணங்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்சிபாள் மல்கியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதான் அவரை விட்டுவிட்டாயே" என்றான் அதிகாரி.

மல்கியாவுக்கு முகம் சிவந்தது.

"எனக்கும் அவருக்கும் வழக்கு நடக்கிறது. உன் ராஜாவை நடுவில் யார் கூப்பிட்டது?"

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. மறு கைக் கட்டைவிரலும் போகும், நாளைக்கே ஆட்கள் வருவார்கள் என்றான்.

மல்கியா தன் இடது கையை ஒருமுறை பார்த்தான். பிறகு மலையுச்சியைப் பார்த்தான்.

"அதையும் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்" என்று மறுபடி ஏறத் தொடங்கினான்.