அஞ்சும் மூணும்

"அந்தம்மாவோட மென்பொருள் அவங்க லேப்டாப்ல மட்டும்தான் ஓடும் சார். பத்தினி! வேற ஆள் கை பட்டா அசையாது."

ஆசிரியர் அறையில் சிரிப்பு எழுந்தது. வாசல்வரை வந்த ஜெசிந்தா உள்ளே போகவில்லை. சொன்னவர் தணிகாசலம் சார். அந்த மென்பொருள்தான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. நாளை அதைப் பரிசீலிக்கும் குழுவில் அவரும் ஒருவர். குழு ஒப்பாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாத ஆசிரியர்களுக்கு அடுத்த ஆண்டு வேலையும் இல்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது.

நேராக நெறியாளர் மெஹருன்னிசாவின் அறைக்குப் போனாள். நெறியாளர் அவளைவிட வயதில் சிறியவர். அதனால் இருவருமே ஒருவரையொருவர் மேடம் என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

"மேடம், பயமா இருக்கு."

"மென்பொருள் ஓடலையா?"

"ஓடுது. கொடுக்கிற நிரல்ல இருக்கிற பிழையெல்லாம் சரியாத்தான் பிடிக்குது. காலையிலிருந்து அதையேதான் ஓட்டிக்கிட்டிருக்கேன். ஆனா ஓட ஓட பயம்தான் கூடுது. இன்னும் எத்தனை தடவை ஓட்டினா இந்தப் பயம் போகும்?"

மெஹருன்னிசா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"லேப்ல பசங்க கூட்டலுக்கு நிரல் எழுதினா, என்ன எண் கொடுத்துப் பார்ப்பாங்க?"

அந்தக் கலக்கத்திலும் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "அஞ்சும் மூணும். எந்த பேட்ச் வந்தாலும் அஞ்சும் மூணும்தான்."

"நீங்க என்ன செய்வீங்க?"

"தள்ளி உட்காருப்பான்னு சொல்லிட்டு நானே தட்டுவேன். சைபர் கொடுப்பேன், மைனஸ் கொடுப்பேன். எண் கேட்கிற இடத்துல என் பேரைக்கூடத் தட்டியிருக்கேன்."

"பையன் முகம் எப்படி இருக்கும்?"

"பாவமா இருக்கும். நெத்தியில வேர்வை துளிர்க்கும்."

"காலையிலிருந்து உங்க லேப்டாப்ல தட்டினது யார் மேடம்?"

ஜெசிந்தா மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றினாள். எழுந்தாள்.

ஆசிரியர் அறையில் தணிகாசலம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பக்கத்து மேசைப் பேச்சு நின்றது. ஜெசிந்தா பென் டிரைவை அவருடைய கணினியில் செருகினாள்.

"சார், நீங்க எழுதின நிரல் ஏதாவது இதுக்குக் கொடுத்துப் பாருங்க."

"நாளைக்குத்தானே மேடம்?"

"இப்பவே பாருங்க சார்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தார். ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.