வாலைப் பிழிந்த அணில்

செம்மணல் தேரிக்காட்டில் பூவாலி என்றொரு அணில் இருந்தது. கோடை வந்தால் அங்கே கடிக்க ஒரு கொட்டை கிடைக்காது. போன கோடையில் மட்டும் அணில் குஞ்சுகள் பாதி செத்துப்போயின.

மழைக்காலத்தில் வலசை வந்த பறவைகள் இரண்டு வகை அயல்தேசத்துக் கொட்டைகளைக் குவித்துவிட்டுப் போயின. ஒன்று பெரியது, நல்ல தித்திப்பு. மற்றது சிறியது, ஓடு கல் போல இருந்தது.

"வகைக்கு ஒண்ணு நடுவோம். யாரும் தண்ணி ஊத்தக் கூடாது!" என்றது முள்ளம்பன்றி. "கோடையைத் தாண்டுறதைக் காடு முழுக்க விதைப்போம். மத்ததைத் தின்னுடுவோம்!"

பங்குனி வெயிலில் பெரிய கொட்டையின் கன்று வாடியது. முன்பு ருசி பார்த்த அந்தக் கொட்டையின் தித்திப்பு பூவாலியின் நாக்கை விட்டுப் போகவே இல்லை. தினமும் யாரும் பார்க்காதபோது சுனையில் வாலை நனைத்து வந்து, கன்றின் அடியில் பிழிந்தது. பாவம், சின்ன உதவிதானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டது.

ஆவணியில் எல்லோரும் கூடினார்கள். பெரிய கன்று பச்சைப்பசேலென்று நின்றது. சின்னது இலை கொட்டி வெறும் குச்சியாக நின்றது.

"பெரிசுதான் ஜெயிச்சது! மிச்சமிருக்கிற சின்னக் கொட்டையைத் தின்போம் வாங்க!" என்று மயில் கூவியது.

பூவாலியின் தங்கை துள்ளிக் குதித்தது. "அக்கா! இனி நம்ம பிள்ளைங்க பட்டினி கிடக்காது!"

பூவாலி தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கன்றுக்கு ஒரு வால் போதும். ஆயிரம் கன்றுக்கு எங்கே போவது?

"நிறுத்துங்க!" என்று அலறியது. "அது தானா நிக்கலை. நான்தான் தினமும் வாலைப் பிழிஞ்சு நிக்க வச்சேன்!"

"அடி திருடி!" என்று மயில் சீறியது.

"திட்டினது போதும்" என்றது முள்ளம்பன்றி. "யாரும் விதையைத் தொடாதீங்க. பூவாலி, பதினஞ்சு நாள் வாலைச் சுருட்டிக்கிட்டு உட்காரு!"

பத்தாம் நாளே பெரிய கன்று கருகிவிட்டது. பூவாலி தேம்பித் தேம்பி அழுதது.

முள்ளம்பன்றி சின்னக் கன்றின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறியது. உள்ளே பச்சை!

"அட, இது சாகலை! இலையை உதறிட்டு வேரைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு!"

ஐப்பசி மழையில் சின்ன விதைகளையே காடெங்கும் விதைத்தார்கள். சில வருஷம் கழித்து ஒரு கோடையில், "என்ன ஓடு இது, பல்லே போகுது!" என்று அணில் குஞ்சுகள் வாய் நிறைய மென்றபடி முணுமுணுத்தன. பூவாலி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சோதித்துப் பார்க்க வைத்த ஒன்றுக்குப் பிரியத்தால்கூடத் திருட்டுத்தனமாக உதவக் கூடாது; அது பொய்யாக ஜெயித்தால், அதை நம்பியவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள்.